அக்வா ஸ்டாக் இல்லை

கம்பவுண்டர் லீவில் போன முதல் நாளே, ஒரு மருந்து இல்லை என்று சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்பினேன். எந்த மருந்து என்று தெரிந்ததும், பிள்ளைகளே, நீங்கள் சிரிக்கலாம். உங்கள் அம்மா இன்னும் சிரிக்கிறாள்.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரில், ஒரு டாக்டரின் சின்ன ஆஸ்பத்திரியில் நான் அட்டெண்டர். தினமும் காலையில் பெரிய அலுமினியக் குண்டானில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவைத்து மூடுவது என் வேலை. எட்டாவது வரை படித்தவன். மருந்துப் பாட்டில் லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். அதை வைத்தே என்னை அரை டாக்டராக நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் தங்கை கல்யாணத்துக்குப் போனதும், குடிக்கும் மருந்தான மிக்சரைக் கலக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அன்று பக்கத்தில் பெருநகர் என்ற கிராமத்திலிருந்து குப்பம்மா வந்தார். நடவு வேலை செய்பவர். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. முந்தின நாளிலிருந்து வயிற்றுப்போக்கு, கண் உள்ளே போயிருந்தது. அப்போதெல்லாம் மிக்சர் வாங்க நாம்தான் பாட்டில் கொண்டுபோக வேண்டும். அவரும் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார்.

டாக்டர் எழுதிய சீட்டில் இரண்டு மருந்து, கடைசியில் அக்வா. இரண்டும் கிடைத்தன. அக்வாவைக் காணோம். ஸ்டூல் போட்டு மேல்தட்டு வரை தேடினேன். டாக்டர் அடுத்த அறையில்தான் இருந்தார். கேட்டால் என் அரை டாக்டர் பட்டம் போய்விடுமே!

"அக்வா ஸ்டாக் இல்லம்மா. வியாயக்கெயம வா."

"அது இல்லாம குடேன் சார். கொய்ந்த சுருண்டுகினு கீது."

"அதாம்மா மெயின் மருந்தே" என்றேன்.

குழந்தைக்குக் குடிக்கத் தண்ணீராவது கொடுக்கச் சொன்னார். குண்டானிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன். குழந்தை மடக் மடக்கென்று குடித்தது. குப்பம்மா காலி பாட்டிலை என் மேஜையிலேயே மறந்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

நான் காஞ்சிபுரத்தில் வாங்க வேண்டிய மருந்து லிஸ்டில் 'அக்வா 5 பாட்டில், அவசரம்' என்று எழுதி டாக்டரிடம் நீட்டினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "காலையில குண்டான்ல என்னய்யா கொதிக்க வச்ச?"

"தண்ணி சார்."

"அதான் அக்வா. லத்தீன்ல தண்ணி. சீட்டுல அப்படித்தான் எழுதுவோம். மருந்தைப் போட்டு, சொன்ன அளவு வர்ற வரைக்கும் தண்ணி ஊத்துன்னு அர்த்தம். யாரையாவது அனுப்பிட்டியா?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து தானே மிக்சரைக் கலந்து, குப்பம்மா விட்டுப்போன பாட்டிலில் ஊற்றி என் கையில் திணித்தார். "அந்தக் குழந்தைக்கு இப்ப தண்ணிதான்யா உயிர். பஸ் கிளம்புறதுக்குள்ள ஓடு."

ஓடினேன். பஸ் நகர ஆரம்பித்திருந்தது. பக்கவாட்டில் தட்டிக்கொண்டே போய், ஜன்னல் வழியாகப் பாட்டிலைக் கொடுத்தேன். கொதித்து ஆறிய தண்ணீரையும் அடிக்கடி கொடுக்கச் சொன்னேன்.

"ஸ்டாக்கு வந்துட்சா சார்?"

"வந்துட்சும்மா."

"பாவம், நமக்கோசரம் ஓடியாந்துகீறாரு" என்று பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொன்னார். அந்த வார்த்தை அடித்ததுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் குழந்தை நடந்தே உள்ளே வந்தது. அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

தெரியாததைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வெட்கத்தோடு போயிருக்கும். கேட்காததால், நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க, குப்பம்மா எப்போது வந்தாலும் வாசலில் நின்று, முதலில் இதைத்தான் விசாரிப்பார்:

"அக்வா கீதா சார்?"