மங்களத்தின் மூன்று டப்பாக்கள்

சிவாஜிநகர் பாத்திரக் கடையில் மங்களம் ஒரு ஃபிளாஸ்க்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மூடி கழன்று உருண்டு, பக்கத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தவரின் காலடியில் போய் நின்றது. "ஏன்க்கா, ஊத்துற வாய் மேலதானே இருக்கு?" என்றார் கடைக்காரர். மங்களம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அடிப்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து முடித்தார். "வாய் எல்லாத்துக்கும் ஒண்ணுதாங்க. அடியிலதான் ஊர் தெரியும்." பிறகு "தொண்ணூத்தாறு பதினேழு" என்று முணுமுணுத்துவிட்டு, எதையும் வாங்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

அந்த எண் விலையல்ல. ஏற்றுமதி, இறக்குமதி உலகத்தில் சீப்பு முதல் சிமென்ட் வரை எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. அதை வைத்துத்தான் வரி போடுவார்கள். ஃபிளாஸ்க்குக்குத் தொண்ணூற்றாறு பதினேழு, சீப்புக்குத் தொண்ணூற்றாறு பதினைந்து, குடைக்கு அறுபத்தாறு பூஜ்யம் ஒன்று. மங்களத்துக்கு இவை அத்தனையும் தலைகீழ்ப் பாடம். சொந்தக்காரர் கல்யாணத்தில் கொடுத்த குங்குமச் சிமிழைக்கூட மேடைக்குப் பக்கத்திலேயே நின்று கவிழ்த்துப் பார்த்தவர் அவர். குங்குமம் மாப்பிள்ளையின் வேட்டியில் கொட்டியது. "இது நம்ம நாட்டுச் சாமான் இல்ல" என்று அந்த நேரத்திலும் தகவல் சொன்னார்.

நகரத்துக்கு வெளியே ஹெப்பகோடியில் சிறுதொழில் சங்கம் ஒன்றின் மாடி அறையில் அவருக்கு இருபத்திரண்டு வருடமாக வேலை. கடிதம் அடிப்பார், கூட்டம் கூட்டுவார், டீ ஊற்றுவார். எந்த யூனிட்டில் எது தயாராகிறது என்று கேட்டால் சங்கச் செயலாளர் ஆராவமுதன் கோப்பைத் தேடமாட்டார், மங்களத்தைப் பார்ப்பார். விண்ணப்பத்தை மட்டும் நீட்டினால் மங்களம் வாங்கமாட்டார். பொருளைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்க வேண்டும். "பேப்பர்ல எல்லா சாமானும் ஒரே கனம்தான் சார். கையில குடுங்க" என்பார்.

சென்ற மாதம் டெல்லியிலிருந்து வந்த கடிதத்தைக் கண்டு மற்றவர்கள் முகம் சுளித்தபோது, மங்களம் மட்டும் அதை மூன்று முறை ஆசையாகப் படித்தார். ஒரு வெளிநாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்ச் சட்டைகளை அவர்கள் வரியில்லாமல் உள்ளே விடுவார்கள். பதிலுக்கு அவர்களுடைய சில பொருள்களை நாம் வரியில்லாமல் உள்ளே விட வேண்டும். அவர்கள் கேட்ட பட்டியலில் இந்தப் பகுதி யூனிட்டுகள் செய்யும் பொருள்கள் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வரியை உடனே எடுக்கலாமா, கொஞ்சம் கொஞ்சமாக என்றால் எத்தனை வருடத்தில், அல்லது எடுக்கவே கூடாதா? சங்கம் கருத்துச் சொல்ல வேண்டும், காரணத்தோடு.

பன்னிரண்டில் ஒன்று ஜிப். மங்களத்தின் கணவர் ஜெயராமன் வெங்கி என்பவரின் ஜிப் யூனிட்டில் பத்தொன்பது வருடமாக மெஷின் ஓட்டுகிறார். வயது ஐம்பத்தொன்று. ஐம்பத்தெட்டில் ஓய்வு. அதே வீட்டில் இருக்கும் நாத்தனார் காந்தா சட்டை தைக்கும் கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறார். ஆர்டர் இல்லாமல் அங்கே இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே ஒரே அடுப்பு, ஒரே சோற்றுப் பானை, ஒப்பந்தம் வந்தால் ஒருவருக்கு ஏறும், ஒருவருக்கு இறங்கும்.

"அண்ணி, இந்த டீல் வந்தா எங்களுக்கு ஆறு நாளும் வேலைன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. எப்படியாவது முடிச்சு விடுங்க" என்றார் காந்தா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"வரட்டும், யார் வேணாம்னா?" என்றார் ஜெயராமன். "ஜிப்புக்கு மட்டும் ஏழு வருஷம்னு போடு மங்களம். ஏழு போட்டுட்டா நான் கரை சேந்துடுவேன்."

இதைச் சொல்லும்போது அவர் கையில் மனைவியின் கைப்பை இருந்தது. பதினோரு வருடத்துப் பை. அதன் ஜிப் அவருடைய மெஷினில் செய்தது. தினமும் மாலை மங்களம் வந்ததும் அவருடைய பென்சிலை வாங்கி, ஜிப்பின் பற்களில் தேய்த்து, இப்படியும் அப்படியும் நாலு முறை இழுத்துப் பார்ப்பார். பென்சில் கரி பட்டால் ஜிப் வழுக்கிக்கொண்டு ஓடும். அவர்கள் வீட்டில் இதற்கு மேல் கொஞ்சிக்கொள்வது கிடையாது.

யூனிட் முதலாளிகளின் வியாழக்கிழமை கூட்டத்துக்கு மங்களம் மூன்று பிஸ்கட் டப்பாக்களை வரிசையாக வைத்தார். 'உடனே', 'மெதுவா', 'கூடாது' என்று சீட்டு ஒட்டியிருந்தார். நடுவில் பேப்பர் விரித்துப் பன்னிரண்டு பொருள்கள். ஆரம்பித்த இரண்டு நிமிடத்தில் பன்னிரண்டும் மூன்றாவது டப்பாவில் கிடந்தன. அவரவர் பொருளை அவரவர் போட்டுவிட்டார்கள். "எல்லாத்தையும் கூடாதுன்னா, அவங்க மட்டும் சட்டையை விடுவாங்களா?" என்று தலையில் கைவைத்தார் ஆராவமுதன்.

மங்களம் டப்பாவைக் கவிழ்த்து எல்லாவற்றையும் மறுபடி மேசையில் கொட்டினார். "இப்ப வேற மாதிரி. அவங்கவங்க சாமானை அவங்கவங்க தொடக் கூடாது. அடுத்தவங்க சாமானை எடுங்க, போடுங்க, காரணம் சொல்லுங்க."

ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று அடுத்த பத்து நிமிடமும் தாராளம்தான். பூட்டுக்காரர் கதவுக் கீலைத் தூக்கி 'உடனே'யில் போட்டார். கீல்காரர் சிரித்தபடி பூட்டை அதே டப்பாவுக்கு அனுப்பினார். ஆனால் காரணம் சொல்ல வாயைத் திறந்தபோது இருவருக்கும் உண்மை பேச வேண்டிவந்தது. பூட்டில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள், கீலை இப்போதே பாதி வெளியிலிருந்துதான் வாங்குகிறார்கள் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பூட்டு 'மெதுவா'வுக்கு மாறியது, கீல் 'உடனே'யிலேயே நின்றது. மங்களம் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு ருசியான கூட்டத்தை அவர் பார்த்ததில்லை.

கடைசியில் மேசையில் ஜிப் மட்டும் இருந்தது. யாரும் கையை நீட்டவில்லை.

"அது மங்களம்மா வீட்டுக்காரர் வேலை பாக்குற யூனிட் ஆச்சே. பத்து வருஷம்னு எழுதிக்குங்க" என்றார் பூட்டுக்காரர்.

"கூடவே கூடாதுன்னு மூணாவதுல போடுங்கம்மா" என்றார் கீல்காரர்.

"காரணம்?"

"நீங்கதான் காரணம். இத்தனை வருஷமா டீ குடுத்திருக்கீங்களே."

"அதை டெல்லிக்கு இங்கிலீஷ்ல எப்படிங்க எழுதறது?" என்றார் மங்களம். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் உள்ளுக்குள் சபலம் தட்டியது. பத்து என்று எழுதிவிட்டால் கேள்வி கேட்பவர் அந்த அறையில் யாரும் இல்லை. அப்புறம் ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று கீல்காரரின் ஆட்கள் பேசினால் அது நியாயம்தான். அது நியாயம் என்று தெரிந்ததுதான் தொல்லை.

என்ன செய்வதென்று தெரியாதபோது செய்வதையே அப்போதும் செய்தார். ஜிப்பை எடுத்துக் கவிழ்த்தார். மேலும் கீழும் ஓடும் அந்தச் சின்ன ரன்னரின் முதுகில் கடுகளவு எழுத்து. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படித்தார். பிறகு திரும்பி வந்து, நாற்காலியில் கிடந்த தன் கைப்பையின் ஜிப்பைத் திருப்பினார். அதிலும் அதே எழுத்து. ஊரிலுள்ள அத்தனையையும் கவிழ்த்தவர் பதினோரு வருடமாகத் தோளில் மாட்டியிருந்ததைக் கவிழ்த்ததில்லை.

"வெங்கி, ரன்னர் எங்கேருந்து வருது?"

யூனிட் முதலாளி வெங்கி பிடரியைச் சொறிந்தார். "அங்கேருந்துதான்க்கா. டீல் பேசறாங்களே, அந்த நாடுதான். பல்லும் பட்டியும் மட்டும்தான் நம்மது. ரன்னர் மேல வரி போயிட்டா எனக்கு லாபம்தான். முழு ஜிப் மேல போனா நான் காலி."

"ரன்னரை இங்கயே பண்ண முடியாதா?"

"முடியும். மெஷின் வரணும், அச்சு வெட்டணும், ஆள் பழகணும். அஞ்சு வருஷம் ஆகும்."

"ஏழு ஆகாதா?" என்றார் மங்களம். குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது.

வெங்கி யோசித்தார். நல்ல மனிதர், பொய் சொல்ல வரவில்லை. "அஞ்சுல முடியலன்னா அப்புறம் எப்பவும் முடியாதுக்கா."

மங்களம் சுற்றிலும் பார்த்தார். யாராவது ஏழு என்று சொன்னால் எழுதிவிடத் தயாராக இருந்தார். ஆராவமுதன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஜிப் 'மெதுவா' டப்பாவுக்குள் போனது. தாளில் மங்களத்தின் குண்டு எழுத்து: ரன்னருக்கு உடனே, முழு ஜிப்புக்கு ஐந்து வருடம், காரணம்: இங்கேயே ரன்னர் செய்யக் கற்றுக்கொள்ள. டெல்லி இதைக் கேட்குமா என்பது வேறு விஷயம். கேட்டால் அவர் எழுதியதைத்தான் கேட்கும்.

வீட்டுக்கு வந்தபோது ஆறரை மணி. காந்தா தோசைக் கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஜெயராமன் வழக்கம்போல் கையை நீட்டினார். மங்களம் பையையும் பென்சிலையும் கொடுத்தார்.

"எத்தனை போட்ட?"

"அஞ்சு."

காந்தா அடுப்பைத் தணித்தார்.

"நான் ஏழு கேட்டேனே."

"நானும் கேட்டேங்க. ஏழுக்குக் காரணம் கிடைக்கல." பிறகு, "ரன்னர் அங்கேருந்து வருதுன்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே?" என்றார்.

"நீ கேக்கலியே" என்றார் ஜெயராமன். "அப்ப எனக்கு அம்பத்தாறு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பையைப் பிரிக்காமலே பாயில் வைத்தார். பென்சிலை அதன்மேல் வைத்தார்.

மங்களம் புடவையைக் கூட மாற்றவில்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலை எடுத்து, ஜிப்பின் பற்களில் ஒரு முனையிலிருந்து தானே தேய்க்க ஆரம்பித்தார்.