இடது கைக்கு எட்டிய விசைகள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. நினைவு தெளிவாக இருந்தது. இருபத்தைந்து வருடம் புளி மண்டியில் நின்று குரலாலேயே வியாபாரம் செய்தவர், இண்டூர் வீட்டின் முன்னறையில் கட்டிலில் சாய்ந்தபடி எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைப்பேசியின் சின்ன எழுத்துகள் அவருடைய இடது கை விரலுக்கு அகப்படவில்லை. நான் ஓசூர் கம்பெனி ஒன்றில் கணினிப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவள், என் பழைய லேப்டாப்பை அவருக்கு முன்னால் வைத்தேன். இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும். ஒற்றை விரலால் அவர் முதலில் அடித்தது, "மொளகா வேண்டாம்." அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

ஆனால் லேப்டாப் கிழம். நினைவகம் நிரம்பி அடிக்கடி உறைந்துவிடும். அப்போதெல்லாம் அப்பா இரண்டாம் முறை ஊமையானார். கூப்பிடவும் முடியாது. நான் அலுவலக அழைப்பில் இருந்தால், யாராவது எட்டிப் பார்க்கும்வரை அசையாத திரைக்கு முன் உட்கார்ந்திருப்பார்.

திரை உறைந்து நின்றாலும், இயங்குதளத்தின் அடியில் கெர்னல் என்ற மையப் பகுதி பெரும்பாலும் விழித்திருக்கும். சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அதனிடம் நேராகக் கட்டளை சொல்லலாம். அதில் ஒன்று, நினைவகத்தை அதிகமாகப் பிடித்திருக்கும் நிரலை நிறுத்திவிடும் கட்டளை. ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன், எஃப். சிக்கல் என்னவென்றால், பிரின்ட் ஸ்கிரீன் வலது கோடியில் இருக்கிறது. ஒரு கைக்கு எட்டாது. பாதுகாப்புக்காக அந்தக் கட்டளையையும் இயங்குதளத்தை உருவாக்கியவர்கள் பூட்டி வைத்திருந்தார்கள்.

இரண்டு மாலைகள் உட்கார்ந்தேன். அமைப்புக் கோப்பில் எண்ணை மாற்றிப் பூட்டைத் திறந்தேன். இடப்பக்கம் இருக்கும் கேப்ஸ் லாக் விசையையே பிரின்ட் ஸ்கிரீனாகக் கெர்னல் எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். இப்போது மூன்றும் இடது கைக்குள் வந்துவிட்டன. வேண்டுமென்றே இணையப் பக்கங்களை வரிசையாகத் திறந்து லேப்டாப்பை உறைய வைத்தேன்.

"இப்ப அழுத்துங்கப்பா."

கட்டைவிரல், சுண்டுவிரல், நடுவிரல். கொஞ்சம் பொறுத்துத் திரை உயிர் பெற்றது. அப்பா பாதி வாயால் சிரித்தார்.

அடுத்த வாரம் ஒரு காலை, உள்ளறையில் நான் அழைப்பில் இருந்தபோது முன்னறையில் மேசை தட்டும் சத்தம் கேட்டது. விடாமல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையில் வெறும் பின்னணிப் படம் மட்டும் இருந்தது.

"நின்னுபோச்சாப்பா? அழுத்துனீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார். திரையைக் காட்டினார், தன் நெஞ்சைக் காட்டினார், மறுபடி திரையைக் காட்டினார்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். "காத்தாலருந்து என்னமோ நெறைய அடிச்சிக்கிட்டு இருந்தாரு பாப்பா. பக்கத்துல போனா கையால மறைச்சிக்கிட்டாரு."

எனக்குப் புரிந்தது. அதிகமாக நினைவகத்தைப் பிடித்திருந்தது அவர் எழுதிக்கொண்டிருந்த அந்த இணைய உலாவிதான். கெர்னல் சொன்னபடி அதை நிறுத்திவிட்டது. சேமிக்கவா என்று அது யாரையும் கேட்காது. கேட்க நேரம் இல்லாத நிலைமைக்காகத்தான் அந்தக் கட்டளையே இருக்கிறது.

உலாவியை மறுபடி திறந்தேன். அதே பக்கம் வந்தது, வெள்ளையாக. தற்காலிகக் கோப்புகளில் தேடினேன், வன்வட்டில் தேடினேன். தேடுவதற்கு எதுவும் இல்லை என்று தெரிந்தும், அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நிறுத்த முடியவில்லை.

"கெடைக்குமா பாப்பா?" என்றார் அம்மா.

"இல்லம்மா."

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "திருப்பி அடிக்கிறீங்களாப்பா? மெதுவா அடிங்க, நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்." இல்லை என்று தலையசைத்தார். "வூட்டப் பத்தியா? அம்மாவுக்கு ஏதாச்சும் சொல்லணுமா? எனக்கா?" அவர் கையை மெல்ல உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

அன்றே இணையம் இல்லாமல் லேப்டாப்பிலேயே எழுதும் வேறு நிரலைப் போட்டேன். அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் தானாகச் சேமிக்கப்படும். நினைவகத்தையும் கூட்டினேன். அதன்பிறகு லேப்டாப் உறையவே இல்லை.

மூன்று நாள் அவர் அதைத் தொடவில்லை. நான்காம் நாள் மாலை மெல்ல விரலை நீட்டி, "டீ" என்று அடித்தார். அம்மா போட்டு வந்து ஊட்டினார். பிறகு வியர்த்தபோது "காத்தாடி" என்றார், "கால் வலி" என்றார். எல்லாம் பத்திரமாகச் சேமிக்கப்படுகின்றன. அவர் தூங்கும்போது அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கிறேன். இதுவரை ஒரு முழு வாக்கியம்கூட இல்லை.