பல்லக்கா ருசி பார்க்காத கேக்

பல் செட் செய்யும் அந்தக் கூடத்தில் அவளை எல்லாரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வாய்க்குள் போக வேண்டிய பற்களை மெழுகில் வரிசை வைத்து, தேய்த்து, பளபளப்பாக்கி அனுப்புகிறவள். பல் டாக்டர்களிடமிருந்து வரும் பிளாஸ்டர் அச்சைக் கையில் எடுத்து ஒரு திருப்புத் திருப்பினால் போதும். இவர் இடது பக்கம் மட்டுமே மெல்லுகிறார், இந்த அம்மா தூக்கத்தில் பல்லை நறநறக்கிறார் என்று சொல்லிவிடுவாள். முகமே பார்த்திராத மனிதர்கள் எதை எப்படிக் கடிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வேலை பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

நாள் முழுக்க உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தே வேலை. நாற்பத்தாறு வயதில் முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினாள். மூட்டு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு கிலோ குறைச்சிட்டு வாங்க. ஆபரேஷனா வேணாமான்னு அப்புறம் பேசலாம்" என்று முடித்துக்கொண்டார். பக்கத்து அறையில் ஒரு பெண் உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்தாள். காலையில் முட்டை, மதியம் காய்கறி, மாலையில் வெள்ளரிக்காய். "இனிப்பு மட்டும் ஒரு துளிகூட வேண்டாங்க" என்றாள் அந்தப் பெண்.

துளிகூட என்றால் பல்லக்காவுக்குத் துளிகூடத்தான். பல்லில் ஒரு மயிரிழை உயரம் கூடினால் தேய்த்துச் சரி பண்ணுகிறவள் அவள். அரைகுறை என்பது அவள் அகராதியிலேயே இல்லை.

முதல் இரண்டு வாரம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. கணவர் லிப்ட் பழுது பார்க்கிறவர். இயல்பிலேயே பேச்சு குறைவு. அந்த நாட்களில் அதுவும் நின்றுபோயிற்று. கல்லூரிக்குப் போகும் மகள், சத்தம் வராமல் கதவைச் சாத்தக் கற்றுக்கொண்டாள். எதைக் கேட்டாலும் பல்லக்கா சீறினாள். பசி அவளை அப்படி ஆட்டிவைத்தது.

மூன்றாவது வாரம், வேலையிலிருந்து திரும்பும் வழியில், பேக்கரியில் மகளுக்கு ஒரு துண்டு கேக் வாங்கினாள். ஏன் வாங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மகள் அதைச் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"நல்லா இருக்குன்னா? மெத்துனு இருக்கா, இல்ல மாவு மாதிரி ஒட்டுதா? முதல்ல என்ன தெரியுது, இனிப்பா வாசனையா?"

மகள் யோசித்து யோசித்துச் சொன்னாள். கேட்கக் கேட்கப் பல்லக்காவின் முகம் மலர்ந்தது. வயிற்றில் கடமுடா என்று உருட்டிக்கொண்டிருந்தது அடங்கிய மாதிரிகூட இருந்தது. தான் சாப்பிடாத ஒன்று தனக்கு எப்படி இவ்வளவு சந்தோஷம் தருகிறது என்று அவளுக்கு ஆச்சரியம். மறுநாள் பஸ்ஸிலும் அதையே நினைத்துக்கொண்டு போனாள், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே கேக் செய்தாள். அதுவரை அவள் அடுப்பில் கேக் என்று ஒன்று வெந்ததே கிடையாது. டாக்டரின் காத்திருப்பு அறையில் கிடந்த பத்திரிகையிலிருந்து செய்முறையை ஒரு சீட்டில் எழுதி வந்திருந்தாள். மாவு கலக்கும்போது விரலில் ஒட்டியதைக்கூட நக்கவில்லை. குழாயைத் திறந்து கழுவினாள். கேக் நன்றாகவே உப்பி வந்தது. அடுத்த தெருவில் இருக்கும் தம்பியையும் வரச்சொன்னாள்.

தம்பிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. வாய்தான் அவன் மூலதனம். கம்பத்தில் போய் மோதப்போகிறவரிடமும் "அருமையா ஓட்டுறீங்க, லேசா பிரேக்க மட்டும் தொடுங்க" என்று சொல்லிப் பழகியவன். ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடினான்.

"அக்கா, பஞ்சுக்கா. நாக்குல வச்சதும் கரையுது. ஓரத்துல லேசா முறுகின வாசனை வருது பாரு, அதுதான் தனி."

கணவரும் தலையாட்டினார். "ஆமா. முறுகின வாசனை."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு கேக். வாழைப்பழம் போட்டது, ஆரஞ்சுத் தோல் சீவிப் போட்டது, கோக்கோ போட்டது. கணவருக்கு டிபன் பாக்ஸில் இரண்டு துண்டு, தம்பிக்குத் தனி டப்பா. பல்லக்கா வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு எதிரே உட்காருவாள், கேள்வி கேட்பாள், அவர்கள் சொல்லுவார்கள். எடை இறங்கிக்கொண்டே வந்தது. வீட்டிலும் பழையபடி பேச்சும் சிரிப்பும் திரும்பின. இரண்டரை மாதம் இப்படிப் போயிற்று.

ஒரு ஞாயிறு மதியம், ஜன்னலோரப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள், தொட்டிக்குப் பின்னால் ஒரு கேக் துண்டைப் பார்த்தாள். ஒரே ஒரு கடி கடித்து வைத்திருந்தது. எடுத்து எறிந்திருப்பாள். ஆனால் கை தானாக அதை வெளிச்சத்துக்குத் தூக்கியது.

மகளுடைய பல்தான். மேல்வரிசையில் லேசாகத் திரும்பிய அந்த ஒற்றைப் பல் பளிச்சென்று பதிந்திருந்தது. அதில் அதிசயம் இல்லை. கடித்த ஆழம்தான் அவளை யோசிக்க வைத்தது. முன்பல் இரண்டின் நுனி மட்டும், நகம் கீறினாற்போல. மெழுகுத் துண்டில் கடிக்கச் சொல்லி டாக்டர்கள் அனுப்பும் ஆயிரக்கணக்கான தடங்களை அவள் பார்த்திருக்கிறாள். பயந்து கடிப்பவர்களின் தடம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாமே. ஒருவேளை இன்றைக்கு அவளுக்குப் பசி இல்லையோ. யாரிடமும் வாயைத் திறக்காமல் அந்த வாரத்தைக் கழித்தாள். மெழுகு உருக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் மனசு அந்தத் துண்டையே சுற்றி வந்தது.

அடுத்த ஞாயிறு ஒரு காரியம் செய்தாள். பேக்கரியில் ஒரு கேக் வாங்கி, தான் செய்ததோடு சேர்த்து ஒவ்வொரு தட்டிலும் இரண்டு துண்டாக வைத்தாள். "ரெண்டும் ரெண்டு விதம். ரெண்டையும் ஒரு கடி கடிச்சிட்டு வைங்க, தண்ணி கொண்டாறேன்" என்று சமையலறைக்குப் போய் நிதானமாகத் திரும்பினாள். மூன்று தட்டையும் வரிசையாகப் பார்த்தாள். பேக்கரித் துண்டுகளில் கோரைப்பல் வரை பதிந்த அகலமான வளைவு. தம்பியுடையதில் பாதியைக் காணவே காணோம். அவள் செய்த துண்டுகளில் மூன்றிலும் எலி கொறித்த மாதிரி ஓரத்தில் ஒரு சின்னக் கீறல்.

பல்லக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கணவருடைய தட்டிலிருந்து தன் கேக்கில் ஒரு விரற்கடை பிய்த்தாள். மூன்று பேரும் மூச்சு விடாமல் அவளையே பார்த்தார்கள்.

"வேணாம்மா, உனக்கு டயட்டு" என்றாள் மகள்.

"அப்படிப் பாக்காதீங்க. முழுங்க முடியாது" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டாள்.

முதலில் இனிப்பு தெரிந்தது. அதன் பின்னாலேயே ஒரு கசப்பு எழுந்து நாக்கின் அடி வரை போயிற்று. துணி சோப்பைக் கடித்தால் இப்படித்தான் இருக்கும். விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனசில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு தண்ணீர் குடித்தாள்.

"ரெண்டரை மாசமா இதையா தின்னீங்க?"

கணவர்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"முதல் ரெண்டு வாரம் உன் பக்கத்துல வரவே பயமா இருந்துச்சும்மா. கேக் பண்ண அன்னிக்குத்தான் சிரிச்ச. நீ வெறும் வயித்தோட எதிர்ல உக்காந்து, எப்படி இருக்குன்னு கேக்குற. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

"டிபன் பாக்ஸ் காலியா வந்துச்சே?"

"ஒரு துண்டு தின்னுருவேன். இன்னொண்ணு முடியாது, குப்பையில போட்டுருவேன்."

அவள் தம்பியிடம் திரும்பினாள். "பஞ்சு, கரையுது, முறுகின வாசனை. அதெல்லாம் என்னடா?"

"பொய் இல்லக்கா. அதுக்கு முன்னாடி ஒரு கடையில சாப்பிட்டத நினைச்சுச் சொன்னேன். அது நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "டப்பாவுல இருந்ததப் பார்க்குல புறாவுக்குப் போட்டேன். ஒரு புறா ஒரே ஒரு கொத்து கொத்திட்டு என்னையே பாத்துச்சு" என்றான்.

அழுவதா சிரிப்பதா என்று பல்லக்காவுக்குத் தெரியவில்லை. அந்தப் புறாவை நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் சிரித்த பிறகுதான் மற்ற மூவரும் சிரித்தார்கள்.

மகள் எழுந்துபோய்ச் செய்முறைச் சீட்டை எடுத்துவந்தாள். "சோடா மாவு ஒரு கரண்டின்னு எழுதியிருக்க. எந்தக் கரண்டி போட்ட?"

பல்லக்கா அலமாரியிலிருந்து மேஜைக்கரண்டியை எடுத்துக் காட்டினாள். மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "தேக்கரண்டிம்மா. நீ மூணு மடங்கு போட்டிருக்க. ஒரு தடவையாவது விரல்ல தொட்டு நாக்குல வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"துளிகூட வேணாம்னு சொன்னாங்களே" என்றாள் பல்லக்கா.

இனிமேல் கேக்கே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. தான் விடாப்பிடியாகக் கேட்டது ருசியையா, அல்லது இவர்கள் தன்னிடம் உட்கார்ந்து பேசுவதையா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். இரண்டும்தான் என்று தோன்றியது. இதில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் வித்தை அவளுக்குத் தெரியவில்லை.

மாதத்துக்கு ஒரு கேக் போதும் என்று முடிவாயிற்று. மாவை ருசி பார்ப்பது மகள் பொறுப்பு. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், யாரும் யாருக்காகவும் விழுங்கக் கூடாது என்று மேஜையில் வைத்தே பேசிக்கொண்டார்கள். இதற்கிடையில் எடை பதினொரு கிலோ இறங்கியிருந்தது. டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் பேச்சை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்றார். அன்றைக்கு மருத்துவமனைப் படிகளில் பல்லக்கா நேராக, கைப்பிடியைத் தொடாமல் இறங்கினாள்.

தேக்கரண்டி சோடாவில் வெந்த முதல் கேக் அந்த வார இறுதியில் மேஜைக்கு வந்தது. தம்பி ஒரு துண்டு எடுத்தான். மெதுவாக மென்றான். இரண்டாவது துண்டு எடுத்தான். பல்லக்கா வழக்கம்போல முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு, சொல்லு."

"நல்லா இருக்குக்கா" என்றான். மூன்றாவதற்குக் கை நீட்டினான்.

"அவ்வளவுதானா? பொய் சொல்லும்போது அருவி மாதிரி கொட்டுச்சே."

வாய் நிறைய கேக்கோடு அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவள் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் இன்னொரு வாய் எடுத்து மென்று பார்த்தார்.

"நடுவுல மெத்துனு இருக்கு. மேல கொஞ்சம் காஞ்சுபோச்சு. அடுத்த தடவை அஞ்சு நிமிஷம் முன்னாடியே எடுத்துரு" என்றார். கல்யாணமான இருபத்தோரு வருஷத்தில் சாப்பாட்டைப் பற்றி அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

"மேலன்னா முழுக்கவா, ஓரத்துல மட்டுமா?" என்று பல்லக்கா நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.