வோல்ட்டர் சுடாமல் விட்ட குண்டு

என் புருஷன் வோல்ட்டருக்கு இடக்கை இல்லை. சுனாமியன்று கூரைவளை விழுந்து நசுக்கிய கை அது. அந்தக் கையால்தான் எங்கள் மகள் அன்ட்றியாவைப் பிடித்திருந்தார். ஆறு வயது. நத்தார் பண்டிகைக்கு நான் தைத்த மஞ்சள் சட்டையை மறுநாளும் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்துப் போட்டிருந்தாள். கை ஆஸ்பத்திரியில் போனது. பிள்ளை எங்கே போனாள் என்று இன்றுவரை தெரியாது. உடலும் கிடைக்கவில்லை. எங்களைப் போன்ற பறங்கிப் பிள்ளையாய்ப் பழுப்புக் கண்ணோடு ஒருத்தியைத் தேற்றாத்தீவுப் பக்கத்து முகாமில் கண்டதாக மீன் வியாபாரி பஸ்தியாம்பிள்ளை சொன்னார். நாங்கள் போய்ச் சேருமுன் யாரோ கூட்டிப்போய்விட்டார்களாம். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் நாங்கள் இருக்கிறோம்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம், மாற்றுத்திறனாளிகளுக்கான துப்பாக்கி சுடும் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் மட்டக்களப்பு புளியந்தீவில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. இந்த மனுஷன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். எனக்கு வந்ததே கோபம்!

"துவக்கக் கண்டா ஓடி ஒளிச்ச சனம் நாங்க. உங்களுக்கு இப்பதான் துவக்கு கேக்குதா?"

"என்ட டடா பட்டறையில திருத்தாத வேட்டைத் துவக்கா கா? அது கிடக்கட்டும். பரா ஒலிம்பிக் வரைக்கும் போனா டீவியில காட்டுவாங்க, பேர்னிஸ். பிள்ளை எங்க இருந்தாலும் என்ட முகத்தக் காணும். கண்டா வீட்டு நம்பரும் ஞாபகம் வரும்."

எங்கள் தொலைபேசி இலக்கம் அவளுக்கு ஐந்து வயதிலேயே பாடம். புதுவீட்டுக்கு வந்தபோதும் சண்டைபிடித்து அதே இலக்கத்தைத்தான் வாங்கினேன்.  நானும் அவரோடு பயிற்சிக்குப் போனேன்.

கையில்லாதவருக்குத் துவக்கை ஒரு தாங்கி தாங்கும். ஒவ்வொரு முறையும் ஈயக்குண்டைப் போட்டுக்கொடுக்க இன்னொருவர் பக்கத்தில் இருக்கலாம். எலிப்பொறி வைக்கவே நடுங்குகிற நான்தான் அந்த ஆள்! காற்றழுத்தத்தில் சுடுகிற துவக்கு, உளுந்தளவு குண்டு. ஐம்பது நிமிஷத்தில் அறுபது சுடவேண்டும்.

முதல் தகுதிப் போட்டி கொழும்பில், படையினரின் சுடுதளத்தில் நடந்தது. பக்கத்து மைதானத்தில் நிஜத் துவக்கால் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

"காதுக்குப் போடு கா," என்று வோல்ட்டர் காதுறையை நீட்டினார்.

"காத மூடிட்டு இருந்தா எங்கால வெடிக்குது எண்டு எப்பிடித் தெரியும்? போங்க அங்கால!"

மட்டக்களப்பில் ஒரு வெடி கேட்டால் எல்லாக் கையும் நிற்கும். அகப்பை சட்டியில் நிற்கும், கூட்டுகிற தும்புத்தடி முற்றத்தில் நிற்கும். அடுத்த வெடி கேட்டால்தான் கிட்டவா தூரவா என்று தெரியும். அன்றும் பக்கத்தில் வெடித்தபோதெல்லாம் என் கை குண்டோடு அந்தரத்தில் நின்றது. நேரம் முடிந்தபோது டப்பாவில் மூன்று குண்டு மிச்சம். அந்த மூன்றால்தான் தகுதி போனது.

ஒரு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும். மனுஷன் ரயிலில் ஒற்றைக் கையால் பாணைப் பிய்த்து எனக்கு நீட்டினார். நான் விம்மி அழுதேன்.

"வெடிக்கு மட்டும் இல்ல, வோல்ட்டர். மம்மா எண்டு கூப்பிட்டாக் கேக்கோணுமே."



நாலு வருஷம் கழித்து அடுத்த தகுதிப் போட்டி. நானாகவே காதுறையை மாட்டினேன். கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி இருந்தது. அறுபது குண்டும் நேரத்துக்குள் போனது, வோல்ட்டர் தகுதி பெற்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கோ பிள்ளையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியது போல இருந்தது.

பரா ஒலிம்பிக் மண்டபம் எவ்வளவு பெரியது! கமெராக்களும் அத்தனை இருந்தன. எங்கள் பக்கம்தான் ஒன்றும் திரும்பவில்லை. ஐம்பத்தொன்பது சுட்டாயிற்று. புள்ளியில் பின்னால் இருக்கிற எங்களை யார் படம்பிடிக்கப் போகிறார்கள்? நேரம் முடிய ஒரு நிமிஷம் இருக்க, கடைசிக் குண்டு என் விரலில் இருக்கும்போது, பக்கத்தில் முன்னணியில் நின்ற பெண்ணைப் பிடிக்க ஒரு கமெரா வந்தது. அதன் பார்வைக்குள் நாங்களும் இருந்தோம்.

வோல்ட்டர் விசையிலிருந்து விரலை எடுத்தார். தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றி, முகத்தை நன்றாகத் திருப்பினார். பேசக்கூடாது என்பது விதி. நீயும் திரும்பு என்று தாடையால் காட்டினார். நான் காதுறையைக் கழற்றி, முன்மயிரை ஒதுக்கி, அவளுக்குத் தெரிந்த மம்மாவாக நின்றேன். குண்டைப் போடு என்று அவரும் சொல்லவில்லை, நானும் போடவில்லை. நேரம் முடிந்தது.

கடைசிக் குண்டுக்குப் பூச்சியம். "பைத்தியமா உங்களுக்கு?" என்று பயிற்றுநர் தலையில் கைவைத்தார். வோல்ட்டர் சிரித்தார். அந்த மனுஷன் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம்!

அன்ட்றியாவுக்கு இப்போது இருபது தாண்டியிருக்கும். வோல்ட்டர் இன்னும் சுடுகிறார். நான் காதுறை மாட்டிக்கொண்டு குண்டு போட்டுக்கொடுக்கிறேன். வீட்டில் மட்டும் தொலைபேசி அடித்தால், எந்த வேலையில் இருந்தாலும் என் கை அப்படியே நின்றுவிடும்.

"எடு கா, எடு!" என்று வோல்ட்டர் உள்ளேயிருந்து ஓடிவருவார்.