பாலாற்று மணலை நம்பினேன்

ஐந்தாம் வகுப்புப் படித்தவன் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் இடத்தில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியின் கழிவுநீரை இறைப்பது என் வேலை. மணல் வடிகட்டிவிடும் என்று நம்பி, வறண்ட பாலாற்றில் குழி வெட்டிக் கழிவுநீரை விட்டுவந்தேன். ஊரார் குடிநீர் மொள்ளும் ஊற்று அதற்குக் கீழ்ப்புறம் இருந்தது.

ஒருநாள் என் மனைவி குடத்தை என் முன் வைத்தாள்.

"இன்னாய்யா, ஊத்துத் தண்ணி உன் வேட்டியாட்டம் நாறுது? கொழந்தைக்குக் குடுக்கப் போனேன், நல்லவேளை மோந்து பாத்தேன்."

கூச்சத்தை விட்டு ஊற்றடிக்கு ஓடி, அங்கிருந்த பெண்களிடம், "மொள்ளாதீங்க, தப்பு என்னுது" என்றேன்.

"ஆறு காஞ்சா தண்ணி தூங்குமா மாமா? மணலுக்கடியில ஓடிக்கினுதானே இருக்குது!" என்றாள் ஒருத்தி.

இப்போது கழிவுநீரைத் தொட்டியில் தெளியவைத்து, ஆற்றுக்கு வெகுதூரத்திலுள்ள களர்நிலத்துக்குச் சுமந்துபோய்க் கொட்டுகிறேன். எவ்வளவு நடந்தாலும் சரி, ஆற்றில் ஒரு வாளிகூட விடமாட்டேன்.

அந்தக் குடம் வந்த மறுநாள், குழிக்கு மேல்புறம் புது ஊற்றுத் தோண்டினோம். இடுப்பளவு ஆழத்தில் நாற்றமில்லாத தண்ணீர் வந்தது.