மூன்று விரற்கடை ஓரம்

அந்தக் கையெழுத்தை வெட்டியவன் நான்தான்.

சபேசன் சார் வெட்டவில்லை. அவர் எதையும் மறக்கவும் இல்லை. நான் வெட்டினேன். வெட்டிவிட்டு, ‘வரும்போதே அப்படித்தான் இருந்தது’ என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. அதற்காக என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள்!

ஒரு காகிதம்... ஒரு பழைய காரின் படம்... அதற்கா இந்தப் பாடு என்று நீங்கள் சலித்துக்கொள்ளலாம். உங்களைவிட அதிகம் சலித்துக்கொண்டவன் நான்.

எனக்குச் சொந்த ஊர் செங்கம் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றது. சூரத்தில் சாயப்பட்டறை, பன்வேலில் லாரி கழுவும் இடம், கோலாப்பூரில் செருப்புக் கிடங்கு. ஓர் ஊரில் ஏதாவது தப்பு நடந்தால் அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. ஐம்பது வயது நெருங்கும்போது புனே வந்து, போபோடியில் ஒரு பிரேம் கடையில் ஒட்டிக்கொண்டேன். முதலாளி மராட்டியர். கடைக்கு மேலேயே பரணில் படுத்துக்கொள்ளலாம் என்றார். மழைக்காலத்தில் ஒழுகும், சட்டியை நகர்த்தி நகர்த்தி வைக்க வேண்டும். அதற்கு முன் நான் படுத்த இடங்களைப் பார்க்க, அது நல்ல இடம்.

இரண்டு மழைக்கு முன்னால் சபேசன் சார் அந்தப் படத்தைக் கொண்டுவந்தார். பாலத்தைத் தாண்டினால் தாபோடி. அங்கே தனியாக இருந்தார். மனைவி இறந்து பல வருடம். ராணுவ வண்டிப் பட்டறை ஒன்றில் வரைபடம் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தமிழ் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இந்த முதுகு யாரோடது சொல்லு பார்ப்போம்.”

மலைப்பாதை, மழை, எஞ்சின் மூடியைத் தூக்கி வைத்தபடி நிற்கும், கூரையில்லாத பழைய கார். ஒரு வாலிபன் எஞ்சினுக்குள் குனிந்திருக்கிறான். நனைந்த சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. முகம் தெரியவில்லை.

“தெரியல சார்.”

“என்னோடதுப்பா! இருபத்திரண்டு வயசு முதுகு.”

வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் ஓவியர் பட்டறைக்கு வந்து வண்டிகளை வரைந்துகொண்டிருந்தாராம். எந்தப் பாகம் எதற்கு என்று இவர்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாராம். பிறகு அந்த ஓவியர் கொஞ்சம் பிரதிகள் தன் கையாலேயே அச்செடுத்து, ஒன்றை இவர் கண்ணெதிரிலேயே பென்சிலால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். கையெழுத்து ஒரே கிறுக்கல். கொடுத்த கையோடு பிரேம் போட்டதில் அந்த ஓரம் அன்றிலிருந்து அட்டைக்குள்ளேயே மறைந்துவிட்டதாம். பெயரும் இவருக்கு நினைவில்லை. எத்தனை நாள் பழக்கம் என்று கேட்டேன். “பத்து நாள் இருக்கும். எல்லாரும் அவரை ‘ஆர்ட்டிஸ்ட் சாப்’னுதான் கூப்பிட்டோம்” என்றார்.

பிரேம் உளுத்துப்போயிருந்தது. “இருக்கறபடியே வேற பிரேம் போட்டுக் குடுப்பா,” என்றார். இருக்கிறபடியே... அந்த வார்த்தையை நான் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

கடையில் தயாராக இருந்த பிரேம் மூன்று விரற்கடை குட்டை. புதிதாகச் செய்ய ஒரு வாரம் ஆகும். படத்துக்குக் கீழே மூன்று விரற்கடைக்கு வெறும் வெள்ளை ஓரம்; அதில் பென்சிலில் ஏதோ ஆங்கிலக் கிறுக்கல். எங்கள் கடைக்கு வரும் படங்களின் ஓரத்தில் எல்லோரும் எதையாவது கிறுக்கியிருப்பார்கள், ஸ்டுடியோக்காரன் ஆர்டர் எண் எழுதுவான், வீட்டுக்காரர்கள் போன் நம்பர் எழுதுவார்கள். வெட்டுவதற்குத்தான் ஓரம் என்பது எங்கள் வேலையின் பாடம். இரும்பு ஸ்கேலை வைத்தேன். பிளேடை ஒரு இழுப்பு இழுத்தேன். முடிந்தது.

ஆனால் அவர் கையெழுத்தைப் பற்றிச் சொல்லியிருந்தாரே! அது இதுதான் என்று உனக்குத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. வெட்டிய பிறகு தோன்றியது. அதற்கு ஒரு நிமிடம் முன்னால் தோன்றியிருக்கக் கூடாதா? எத்தனை தடவை இதையே கேட்டுக்கொண்டு மண்டையில் அடித்துக்கொண்டிருக்கிறேன் தெரியுமா!

அவர் படத்தை வாங்க வந்தார். சுற்றிலும் மவுண்ட் அட்டை வைத்திருந்ததால் ஓரம் தெரியவில்லை.

“கையெழுத்து உள்ளதானே இருக்கு?”

“உள்ள இருக்கு சார்.”

என் முதல் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். யாராவது விட்டார்களா! சாருடைய மகள் வித்யா புருஷன், பையனோடு ஊரின் மறுகோடியில் கோந்த்வாவில் இருக்கிறாள், ஐ.டி. வேலை. அவளோடு வேலை செய்பவர் ஒருவர் தாபோடி வீட்டுக்கு வந்தபோது சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டார். அவருக்குப் பழைய கார்ப் படங்களைச் சேர்க்கும் பைத்தியம். அசலாக இருந்து, கீழே எண்ணும் கையெழுத்தும் இருந்தால் லட்சக்கணக்கில் போகும், இல்லாவிட்டால் கண்ணாடி விலைகூடப் பெறாது என்று சொல்லிவிட்டுப் போனார். இதைச் சார் கடையில் வந்து சொன்ன அன்று நான் கழிவுத்துண்டுப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். அந்தத் துண்டு இல்லை. அப்படிப்பட்ட கெட்டித்தாளை வேறு படங்களின் பின்னால் இடுக்கு அடைக்கச் செருகிவிடுவோம். எந்தப் படத்தில் போனதோ!

சாருக்குப் பணம் குறியில்லை. “வரைஞ்சவர் பேரு தெரியணும்ப்பா. பேரு தெரிஞ்சா என் முதுகுதான்னு நிரூபிச்சிடலாம். வித்யா நம்ப மாட்டேங்கறா.”

உண்மைதான். அவள் என் முன்னாலேயே சிரித்துக்கொண்டு சொன்னாள்: “எல்லா முதுகும் ஒரே மாதிரிதாம்ப்பா இருக்கும்.”

கடை மூடும் வியாழக்கிழமைகளில் சார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். நான் பின்னால் உட்கார்ந்து படத்தை மார்போடு பிடித்துக்கொள்வேன். காற்று அதைப் பாய்மரம்போல் தள்ளும். “அசையாத உக்காருப்பா, வண்டி மும்பைக்குப் போகுது!” என்று கத்துவார். நான் ஏன் போனேன்? உதவிக்கா? இல்லை. யாரும் அந்தப் பிரேமைப் பிரித்துவிடக் கூடாது என்று காவலுக்குப் போனேன். சாரையும் அப்படித்தான் பிரிக்க விடாமல் வைத்திருந்தேன். போன இடமெல்லாம், “கண்ணாடியோடவே பாருங்க, பிரிச்சா தாள் கிழியும்,” என்று நானே முந்திக்கொண்டு சொல்வேன்.

பழைய கார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்த ஒரு பணக்காரர் அரை நிமிடம் பார்த்தார். “டயர் கடைக்காரன் வருஷப் பிறப்புக்கு இந்த மாதிரி காலண்டர் சும்மா குடுப்பான்,” என்றார். பழைய புத்தகக் கடைக்காரர் இது வெளிநாட்டுப் படம் என்று சத்தியம் செய்தார். இணையத்தில் ஏதோ குழுவில் வித்யா போட்டோ போட்டதற்கு, காரின் சக்கரம் தப்பு, விளக்கு தப்பு, மழைகூடத் தப்பு என்று நாற்பது பேர் சண்டை போட்டார்கள். படத்தைப் பற்றி ஒருவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை! எனக்கு வந்த எரிச்சலில் ஒருநாள் கேட்டே விட்டேன்:

“விட்டுத் தொலைங்களேன் சார்! இதைக் கண்டுபிடிச்சு என்ன ஆகப் போகுது?”

அவர் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார். திரும்பாமலே சொன்னார்: “நடந்ததுதானேப்பா. நடந்ததை நடந்ததுன்னு சொல்ல ஒரு ஆள் வேணாமா?”

ஆள் அவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் சதாசிவ் பேட் பகுதியில் ஒரு முதியவர். ஆயுள் முழுக்க அச்சகத்தில் மை கலக்கியவர். அன்று வித்யாவும் வந்திருந்தாள். நான் வழக்கமான பாட்டைப் பாடினேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் பின்னட்டையின் ஆணிகளைப் பிடுங்கிவிட்டார். லென்சை வைத்துப் பார்த்தார்.

“புள்ளியே இல்லை. மெஷினில் அடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். இது திரையில் மை தேய்த்துக் கையால் எடுத்தது. அசல்,” என்றார் இந்தியில்.

சார் மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... பரீட்சையில் தேறிய பையனின் பார்வை.

முதியவர் தாளின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். மூன்று பக்க விளிம்பும் பழுப்பு. கீழ் விளிம்பு மட்டும் பளிச்சென்று வெள்ளை.

“கிஸ்னே காட்டா?” என்றார். யார் வெட்டியது?

சார் என்னைப் பார்த்தார். சந்தேகத்தோடு இல்லை. நான் ஏதாவது விளக்கம் சொல்வேன் என்ற நம்பிக்கையோடு பார்த்தார்.

“வரும்போதே அப்படித்தான் இருந்தது சார்,” என்றேன்.

“அன்னிக்கு உள்ள இருக்குன்னியேப்பா?”

“அட்டைக்குள்ள படம் இருக்குன்னு சொன்னேன் சார். கையெழுத்தை நான் பார்க்கவே இல்லையே.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பரண் போய்விடும் என்ற பயமா? இன்னொரு ஊர், இன்னொரு தகரக் கூரை... அதெல்லாம் எனக்குப் புதிதா என்ன! பயம்கூட இல்லை. பழக்கம். நாக்கு தானாகப் போய்ப் பழகிய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

வித்யா அப்பாவின் கையைப் பிடித்தாள். குரல் ரொம்ப மென்மையாக இருந்தது, அதுதான் பயங்கரம். “அப்பா... நீங்களே எப்பவாவது வெட்டியிருப்பீங்க. மறந்திருப்பீங்க. பரவால்லப்பா.”

“நான் எதுக்கும்மா வெட்டறேன்?”

“போன மாசம் பாலை அடுப்பில வெச்சுட்டு வெளிய போயிட்டீங்களே.”

எழுபத்தாறு வயதில் யார்தான் பாலைப் பொங்க விடுவதில்லை! ஆனால் அந்தப் பாலும் என் பொய்யும் சேர்ந்துகொண்டன. ஒரு மாதத்தில் ஸ்கூட்டர் சாவி வித்யாவின் கைப்பைக்குப் போனது. டாக்டரைப் பார்த்தார்கள். தாபோடி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சாரைக் கோந்த்வாவுக்கு அழைத்துப்போனாள். அவள் கெட்டவள் இல்லை. அப்பா மேல் உயிர். அவளுக்குக் கிடைத்த தகவல் பொய். அதை வைத்து ஒரு நல்ல மகள் என்ன செய்வாளோ அதைச் செய்தாள்.

ஊரைவிட்டுப் போயிருக்க வேண்டும் நான். இந்தத் தடவை போகவில்லை. ஏனென்று இன்றுவரை தெரியவில்லை.

இந்த மழைக்காலத்தில் ஒருவர், எங்கள் கடையிலேயே பிரேம் போட்ட பிள்ளையார் படத்தைக் கொண்டுவந்தார். பின்னட்டை ஈரத்தில் உப்பியிருந்தது, மாற்ற வேண்டும். பிரித்தேன். இடுக்கில் நீளமாக மடித்து ஒரு கெட்டித்தாள்... என் கையால் செருகியது. மடிப்பைப் பிரித்து விளக்குக்கு அடியில் வைத்தேன்.

இடது ஓரத்தில் ஓர் எண். வலது ஓரத்தில் கையெழுத்து. அதன் கீழேயே சிறியதாக, தெளிவாக, முழுப் பெயர். நடுவில் ஒரு வரி. எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். தெரியாத சொற்களைப் பக்கத்து மருந்துக் கடையில் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டேன். சேர்த்தால் இவ்வளவுதான்: ‘சபேசனுக்கு. இது உன் முதுகு.’

ஓவியரின் பெயரை உங்களிடம் சொல்ல மாட்டேன். அதை முதலில் கேட்க வேண்டியவர் இன்னும் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமையே கோந்த்வாவுக்குப் பஸ் ஏறினேன். துண்டு சட்டைப்பையில், பிளாஸ்டிக் உறைக்குள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. ஏழாவது மாடி. சார் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வித்யா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “அண்ணா, நீங்க வந்தது ரொம்ப நல்லது, அப்பாகிட்டப் பேசிட்டு இருங்க,” என்று கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“சார், அந்தப் படம்...” என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“அதை விடுப்பா. உன்னையும் வெயில்ல அலைய விட்டேன். கையெழுத்தே இருந்திருக்காது. மூளை தானா ஒண்ணைக் கட்டி விடுமாம், நடந்த மாதிரியே. டாக்டர் சொன்னார். காலைல ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒண்ணு.” சிரித்தார். “மருமகன்கூட இப்ப நல்லாப் பேசறார். படத்தால வந்த சண்டையே இல்ல.”

“சார், உங்க முதுகு...”

“அது யாரு முதுகோப்பா.”

நான் காபியைக் குடித்தேன். குடித்தேன் என்றால் கடைசிச் சொட்டுவரை! சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறை நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது. அவர் நிம்மதியைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள்கூட நம்பிவிடுவீர்கள். வேண்டாம். அது அவருடைய நிம்மதி இல்லை. தோற்றுப்போனவர் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். எனக்கு அது வசதியாக இருந்தது.

கிளம்பும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து படத்தை இழுத்து என் கையில் கொடுத்தார். “இங்க மாட்ட இடமில்லை. நீ வெச்சுக்கோ. இதோட அலைச்சல் உனக்குத்தானே தெரியும்.”

வாங்கிக்கொண்டேன்! அதையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்!

இப்போது இரண்டும் என் பரணில் இருக்கின்றன. படத்துக்குக் கீழே அந்தத் துண்டை வைத்தால் மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது. பசையும் இருக்கிறது; ஒட்டுவது என் தொழில். ஆனால் வெட்டு வெட்டுதான். எந்தப் பசை போட்டாலும் அந்தக் கோடு தெரியும். அதைப் பார்த்து ‘கிஸ்னே காட்டா?’ என்று யாராவது கேட்பார்கள்.

வியாழக்கிழமைதோறும் சார் போன் செய்கிறார். மாத்திரை, மூட்டுவலி, பேரனின் அரைகுறைத் தமிழ் என்று பேசிவிட்டு, வைக்கும்போது மறக்காமல் கேட்பார்:

“படம் பத்திரமா இருக்காப்பா?”

மறக்காமல்... கவனித்தீர்களா? ஒரு வாரம்கூட மறந்ததில்லை.

“இருக்கு சார்,” என்கிறேன்.