சேற்றின் மேல் ஒரு பாதை

முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு என் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. திண்டுக்கல்லில் எங்கள் வீடு மாடியில் இருந்தது. எரிந்த மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் என் கடையை மூடிவிட்டு, ஆத்தூர்ப் பக்கம் குளத்தை ஒட்டிய எங்கள் தென்னந்தோப்பு வீட்டுக்கு வந்துவிட்டோம். இங்கே சக்கர நாற்காலியைத் தடுக்கப் படி இல்லை.

தோப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எங்கள் பட்டாவில் ஒரு தாழ்ந்த துண்டு நிலம், எப்போதும் சேறு. கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். வாசலில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் கேட்டாள்.

"ஏங்க, தண்ணிகிட்ட ஒரு தடவ போயிட்டு வர முடியுமா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளாக என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

ரெட்டியார்சத்திரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவரைக் கூட்டிவந்தேன். அவர் ஒரு நீளக் கம்பியைச் சேற்றில் குத்திப் பார்த்தார். பிடித்திருந்த கைவரைக்கும் இறங்கியது.

"அண்ணே, அடியில கெட்டித்தரை தட்டவே மாட்டேங்குது. குழாய் நிக்காது."

"ஊணுங்க, பாத்துக்கிருவோம்" என்றேன். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

இரண்டு வரிசை இரும்புக் குழாய், மேலே சட்டம், அதன்மேல் பலகை. கடைசியில் நாற்காலியைத் திருப்ப ஒரு சின்ன மேடை. முடிந்த அன்று அவளைத் தள்ளிக்கொண்டு போனேன். சொம்பில் தண்ணீர் மொண்டு காலில் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன்.

"ஜில்லுன்னு இருக்கா?" வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

அவள் தன் பாதத்தையே பார்த்தாள். "ஜில்லுன்னுதான் இருக்கும்" என்றாள்.

ஐப்பசி மழையில் குழாய்கள் ஒரு பக்கமாக இறங்கத் தொடங்கின. எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அவள் கேட்டபோது மறுக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் திரும்பி வரும்போது நடுப்பாதையில் சட்டம் முறுக்கிக்கொண்டு, பலகைகள் விலகி, ஒரு சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொண்டது. நாற்காலி சேற்றுப் பக்கம் சாய்ந்தது. இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்தேன். தூக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. போன் வீட்டில் இருந்தது. கத்திப் பார்த்தேன், ஒருவரும் வரவில்லை. தூறல் விழ ஆரம்பித்தது.

"விட்டுட்டுப் போயி யாரையாச்சும் கூட்டியாங்க."

"விட்டா சாஞ்சிரும்மா."

தலையைத் திருப்பி என் கைகளைப் பார்த்தாள். பிறகு, "கை வலிக்குதா?" என்றாள்.

இல்லை என்று சொன்னேன். விரல்கள் மரத்துப்போயிருந்தன. அவளுடைய புடவை நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுவிடக்கூட ஒரு கை இல்லை.

ஒரு மணி நேரம் இருக்கும். பக்கத்துச் சம்பங்கித் தோட்டத்தில் களையெடுத்துவிட்டு இரண்டு பெண்கள் கரையோரமாக வந்தார்கள். ஒருத்தி பலகையில் தவழ்ந்து வந்து முதுகைக் காட்டினாள்; பின்னாலேயே வந்த இன்னொருத்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்காவ எம்மேல ஏத்திவிடுங்கண்ணே. செத்த நேரம் கழுத்தக் கெட்டியாப் பிடிச்சுக்கக்கா."

அப்படித்தான் என் மனைவி கரை சேர்ந்தாள். நான் காலி நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

பட்டறைக்காரர் வந்து புதுக் குழாய்களை ஊன்றினார். அவையும் இறங்கின. மறுபடி வந்தபோது அவர் கம்பியைக் கையில் எடுக்கவே இல்லை. கார்த்திகையில் தண்ணீர் பலகைகளை மூடியது. கோடையில் குளம் வற்றி, தண்ணீர் மேடையைத் தாண்டி வெகுதூரம் உள்ளே போய்விட்டது. வெடித்த மண்ணுக்கு மேலே பாதை கோணலாக நின்றது.

"கான்கிரீட்ல போட்டுப் பாப்போமா?" என்று கேட்டேன்.

"வேணாங்க. நாற்காலிய ரோட்டுப் பக்கமாத் திருப்பிப் போடுங்க. பஸ்சு போறதப் பாக்கலாம்."

திருப்பிப் போட்டேன்.